நகவெட்டியைப் பிடுங்கிக்கொண்ட அக்காவுக்கு நன்றி

பெயர் கேட்டுக்கொள்ளத் தவறிய அந்த அக்காவுக்கு, முயல் வளர்க்கும் எங்கள் எல்லாரின் நன்றி. முயலின் நீண்டு வளைந்த முன்பல்லை நறுக்கப் போன நகவெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வெட்டினா பல்லு நெடுக்காப் பிளந்துக்கும், பிளவு வேர் வரைக்கும் போனா சீழ் கட்டிடும்" என்றீர்கள். அந்தத் தாடை தப்பியது அதனால்தான்.

முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். மருத்துவர் சுழல் கருவியால் தேய்த்துவிட்டாலும், மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாத முயலை சில வாரங்களில் திரும்பக் கொண்டுபோகத்தான் வேண்டும். அலுத்துப்போனால் 6 முன்பற்களையும் எடுத்துவிடும் வழியும் உண்டு. ஆறா என்று விழித்தபோது, மேலுதட்டைத் தூக்கி, பெரிய பல் இரண்டுக்கும் பின்னால் குச்சி மாதிரி ஒளிந்திருந்த குட்டிப் பற்களைக் காட்டினீர்கள்.

கடைவாய்ப் பல்தான் பொல்லாதது, வெளியே தெரியாது. தேயாத கீழ்ப்பல்லில் கூராக நீளும் முள் நாக்கைக் கிழிக்கும், மேற்பல்லின் முள் கன்னத்தை. நனைந்த மோவாய், ஒழுகும் கண், சிறுத்த புழுக்கை, உலர்புல்லை ஒதுக்கிவிட்டு மெத்தென்று இருப்பதை மட்டும் தின்பது, இவைதான் துப்பு. இதைத் தேய்க்க மயக்க மருந்து வேண்டும். அதற்காகப் பட்டினி போடக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வருமோ என்ற பயம் வேண்டாம், முயலால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு காய்ந்தால் குடல் ஓட்டம்தான் நின்றுபோகும்.

மரக்கட்டை கொறித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வெறும் பேச்சு. கடைவாய் தேய்வது உலர்புல்லை அரைத்து அரைத்துத்தான். வாராவாரம் சமையலறைத் தராசில் முயலை எடை போடச் சொன்னீர்களே, போட்டு எழுதி வைக்கிறோம் அக்கா.