மாரியில் வந்து குழியைப் பாருங்கள்: மட்டக்களப்புப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாமாருக்கும் வணக்கம்.

எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணலில், 10 பேர்ச் வளவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். அனுமதிக்குப் படம் கொடுத்தபோது மலசலகூடக் குழி எங்கே என்று கேட்டார்கள், கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிக் காட்டினேன், சரி என்றார்கள். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

சித்திரையில் குழி வெட்டினோம். 7 அடியில்தான் ஈரம் கண்டது, நல்ல இடம் என்றார் மேசன். கொங்கிறீட் வளையம் இறக்கியதோடு காசில்லாமல் வேலை நின்றுபோனது. கார்த்திகை மழை பிடித்து இரண்டு கிழமையில் எட்டிப் பார்த்தால், வளையத்துக்குள் தண்ணீர் தரைக்கு 2 அடி கீழே வரை ஏறி நிற்கிறது, தெளிந்த தண்ணீர், பக்கத்துக் கிணற்றில் நிற்கிற அதே மட்டம். அந்தக் குழியை அப்போது பாவித்துக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே வயிற்றைப் பிசைகிறது.

கழிவுநீரில் உள்ள கிருமிகள் பிடிபட்டுச் சாவது குழிக்கு அடியிலுள்ள காய்ந்த, காற்றோட்டமான மண்ணில்தான். மாரியிலும் அப்படி 3, 4 அடியாவது மிஞ்ச வேண்டும். தண்ணீர் குழியின் அடியைத் தொட்டுவிட்டால் நேரே கிணற்றுக்குப் போக வழி திறந்த மாதிரி.

மண் உறிஞ்சுதா என்று பார்க்கும் சோதனையும் செய்தேன். ஓரடி அகலத்தில் கிடங்கு வெட்டி, நன்றாக ஊறவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி மட்டம் இறங்கும் நேரத்தை அளக்க வேண்டும். ஒரு வாளி ஊற்றிப் போனில் நேரம் பார்க்கிறதுக்குள் எல்லாம் போய்விட்டது. இதற்குச் சந்தோஷப்படக்கூடாது. இவ்வளவு வேகமாக இறங்கினால் மணல் எதையும் வடிகட்டாது. வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களியில் இதற்கு மறுதலை, தண்ணீர் இறங்காமல் முற்றத்தில் பொங்கும், ஆனால் அங்கே வெட்டிய மண்ணில் சாம்பல் நிறமும் துருப் புள்ளியும் எந்த ஆழத்தில் தொடங்குகிறதென்று பார்த்தால் மாரித் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைக் கோடையிலேயே கணிக்கலாம்.

அப்புறம் அந்த 50 அடி. 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கமே 52 அடிதான். என் கிணற்றைக் காப்பாற்ற நான் குழியைத் தள்ளிய இடம் அடுத்த வளவு வேலியோரம், வேலிக்கு அப்பால் 12 அடியில் அவர்களுடைய கிணறு, அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கழிவுநீரிலிருந்து வரும் நைத்திரேற்று மணலில் தங்காது, கொதிக்க வைத்தாலும் போகாது, அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

ஆகவே கேட்கிறேன். அனுமதி தருமுன் குழி வரும் இடத்தில் மண்ணை வெட்டிப் பாருங்கள், மாரி மட்டத்தைப் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள், நாலு பக்கத்துக் கிணறுகளையும் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறும் இடத்தில் அடி திறந்த வளையக் குழியை அனுமதிக்காதீர்கள். அடைத்த தாங்கியும், தரைக்கு மேல் உயர்த்திய மணல் படுக்கையும் போடச் சொல்லுங்கள், செலவு கூடத்தான், இயலாதவர்களுக்குச் சபை கைகொடுக்க வேண்டும். தாங்கியை மாரி நடுவில் பவுசரால் முழுதாக இறைக்கக்கூடாது, வெறுமையானால் தண்ணீர் அதைக் கிளப்பிவிடும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

வளையம் இறக்கிய குழியை நான் இன்னும் மூடவில்லை. மார்கழியில் யாராவது வந்தால் அளவு நாடாவை நானே பிடிக்கிறேன்.