பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலைப் பட்டம்) ஓவியம் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு

குழுவில் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் கவனத்துக்கு. பெரியமேட்டிலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரி நமக்குப் பக்கம்தான். ராயபுரத்திலிருந்து சென்ட்ரல் வந்தால், மிச்சம் நடக்கிற தூரம். 1850இல் தொடங்கியது, சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் படித்து, பிறகு முதல்வரான இடம். ஓவியப் படிப்பு 4 வருடம்.

மார்க் மட்டும் போதாது, நுழைவுத் தேர்வில் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். இங்கேதான் நம்ம பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். போட்டோ பார்த்து நடிகர் முகத்தை அச்சாக வரைகிறவன், எதிரே ஒரு குடத்தை வைத்தால் வாய் வட்டத்தையே கோணலாகப் போடுகிறான். போனைப் பார்த்து வரைவதை இப்போதே நிறுத்துங்கள்.

அதனால் ஞாயிறு காலை 6 மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வாருங்கள். வலை பின்னும் அண்ணன்களின் விரல், கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்த நூல், சாய்த்து வைத்த ஐஸ் பெட்டி, இதையெல்லாம் நேரில் பார்த்து வரையலாம். 4பி, 6பி பென்சில், அட்டை போதும், ரப்பர் வேண்டாம். அங்கே வேலை நடக்கிற இடம், மீன் ஏலத்துக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

விண்ணப்பத் தேதி வந்ததும் இங்கே போடுகிறேன். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே இ-சேவை மையம் போய்விடுங்கள்.