தங்கவயலின் லைன் வீடுகளையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் போளூர் பக்கம் இருபது வருடமாக மேஸ்திரி வேலை பார்ப்பவன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோலார் தங்கவயலுக்கு முதல்முறையாகப் போய் மூன்று நாள் தங்கினேன். எங்கள் வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய ஊர் அது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

முதல் நாள் காட்டியதெல்லாம் பங்களாக்கள்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த வீடுகள், சுற்றிலும் பெரிய தோட்டம், அகலமான தாழ்வாரம், குளிர் காய்வதற்குப் புகைபோக்கி வைத்த அறை. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஓடு சரிந்து உள்ளே செடி முளைத்திருக்கிறது. ஆனாலும் சுவரின் கனத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். இந்த ஊரை 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்வார்களாம்.

மறுநாள் சாம்பியன் ரீஃப் பக்கம் தொழிலாளர்கள் இருந்த லைன்களுக்குப் போனேன். வரிசையாக, ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்குபோட்டுக்கொள்ளும் வீடுகள். குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு அறை, அதை ஒட்டி அடுப்படி, அவ்வளவுதான். பிள்ளைகள் வளர வளர முன்பக்கம் தகரத்தை இறக்கி இன்னொரு அறை சேர்த்திருக்கிறார்கள், அதனால் தெரு பாதியாகச் சுருங்கிவிட்டது. இதற்கும் முன்னால் மூங்கில் தட்டி கட்டிய குடிசைகள்தானாம். நான் போன லைனில் இன்றைக்கும் சில வீடுகளில் கழிப்பறை இல்லை. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் பூமிக்குள் ஆளை இறக்கி வேலை வாங்கியவர்கள், அந்த ஆளுக்கு வீட்டோடு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுக்கவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பக்கத்திலேயே சயனைடு மேடுகள். சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு சோற்றுப் பானை வரைக்கும் வந்துவிடும் என்றார் ஒரு அம்மா.

அந்த அம்மா வீட்டுச் சுவரில் ஒரு நீளமான விரிசல். சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை வெடித்தால் மேலே வீடே குலுங்குமாம், அப்போது விழுந்தது. தட்டிப் பார்த்தேன், சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது. "கூரையை மட்டும் மாத்திட்டா இன்னும் முப்பது வருஷம் தாங்கும்மா" என்றேன். "வீடு எங்க பேர்ல இல்லையேப்பா, யாரை நம்பி மாத்துறது" என்றார். சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரியில். அன்றைக்கு வேலை போன அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இறந்தும் போய்விட்டார். மகன் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறான். அந்தத் தெருவில் நான் பேசிய மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள். நாளைக்கு யாராவது வந்து காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது என்ற பயத்திலேயே யாரும் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்குவதில்லை. வீடு பாழாவதற்கு வயது மட்டும் காரணமில்லை என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

பழைய பங்களாக்களையும் வெள்ளைக்காரர்கள் கூடிய கிளப்பையும் பாரம்பரியச் சின்னமாகக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறார்கள். சரி, காப்பாற்றட்டும். ஆனால் லைன் வீடுகளும் அதே வரிசையில் வர வேண்டும். சாதிக்கு எதிராகப் போராடிய அயோத்திதாசரின் பௌத்த சங்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது இந்த லைன்களில் வாழ்ந்த ஜனங்களால்தான். அப்புறம், குடியிருப்பவர்கள் பேரில் வீட்டை எழுதிக் கொடுத்தால் போதும், பாதி வீடுகளை அவர்களே சீர் செய்துகொள்வார்கள். ஒரு லைனை மட்டுமாவது பழையபடியே விட்டு, இப்படித்தான் இருந்தார்கள் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டலாம்.

உங்கள் நிருபர் தங்கவயலுக்குப் போனால் கிளப்பைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், லைன்களுக்குள் ஒரு பகல் முழுக்க நடந்து அங்கே இருப்பவர்களிடம் பேசிவிட்டு வந்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி, போளூர்