மலருக்கு, கித்தார் விஷயமாக

அன்புள்ள மலர்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நடக்கக் கூப்பிட்டால்தான் வரமாட்டேன் என்கிறார். சித்தி வீட்டு விசேஷம் பற்றித் தம்பி சொல்லியிருப்பான், அதை விடு. நீ விட்டுவிட்டுப் போன கித்தாரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். துடைத்து, புதுத் தந்தி போட்டு, சாயங்காலம் தினமும் எடுக்கிறேன். காலையில் வழக்கம்போல வீணை.

நீ வைக்கிற மாதிரி, கித்தாருக்கு வழக்கமான ஸ்ருதியில் இ-ஏ-டி-ஜி-பி-இ என்று வைத்துத்தான் முதலில் பார்த்தேன். எனக்குச் சரிப்படவில்லை. வீணையில் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நாலு தந்தியும் ச, ப, ச, ப என்று நிற்கும், இடது கையே படாமல் மீட்டினாலும் ஸ்ருதி நிறைந்துவிடும். கித்தாரில் அப்படி மீட்டினால் தந்திகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அப்புறம் தேடிப் படித்ததில்தான் தெரிந்தது, தந்தியை இறக்கி வாசிக்கிற வழக்கம் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தானாம். அவர்களுடைய டி-ஜி-டி-ஜி-பி-டி வைத்துப் பார்த்தேன், ஜி-யை ஸட்ஜம் என்று எடுத்துக்கொண்டால் ப ச ப ச க ப. காதுக்கு நிறைவுதான். ஆனால் அந்தர காந்தாரம் ஒரு தந்தியாகவே நின்று ஒலிப்பதால், சாதாரண காந்தாரம் வேண்டிய கரகரப்பிரியா ராகத்தின் பக்கம் தலைகாட்ட முடியாது. அதை விட்டுவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது டி-ஏ-டி-ஜி-ஏ-டி. டாட்காட் என்கிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். 1960-களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற இங்கிலாந்துக்காரர் மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க இந்த வழியைப் பிடித்தாராம். பிறகு அது அயர்லாந்துப் பாட்டுக்கே சொந்தம்போல ஆகிவிட்டது, போத்தி பேண்ட் என்ற அயர்லாந்துக் குழுவில் வாசித்த மீஹால் ஓ டோனல் இதைத்தான் வைத்துக்கொண்டார். நீ இருப்பது டப்ளினில். உன்னைச் சுற்றி இதை வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், ஒரு நாளாவது போய்க் கேட்டாயா?

செய்வது எளிது. ஐந்து, நாலு, மூன்றாம் தந்திகளைத் தொடாதே. தடித்த ஆறாவதை இறக்கி நாலாவதற்குக் கீழ் ஸ்தாயியில் சேர்த்துக்கொள், ஒன்றாவதை அதே நாலாவதற்கு மேல் ஸ்தாயியில், இரண்டாவதை ஐந்தாவதற்கு மேல் ஸ்தாயியில். மூன்றுமே ஒரு முழு ஸ்வரம்தான் இறங்குகின்றன, ட்யூனர்கூட வேண்டாம், உன் காது போதும். ச ப ச ம ப ச வந்துவிடும். மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டில், நம் வீணை மெட்டு மாதிரிதான், ஒரே ஒரு விரல் வைத்தால் மத்தியமமும் பஞ்சமமாகி, ஆறு தந்தியும் ச-ப என்றே முழங்குகிறது. ஒரே விரல், மலர். ஆறாவது தந்தியில் அஞ்சாம் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் ஒரு விரலை நகர்த்தினால் அடியில் மத்தியமம், பஞ்சமம். பார் கார்டு என்று ஒரு விரலை எல்லாத் தந்தியின் மேலும் படுக்கவைத்து, மற்ற விரல்களையும் அழுத்திக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

காந்தாரம் எந்தத் தந்தியிலும் இல்லாததால், காந்தாரமே வராத மத்தியமாவதி ராகத்துக்கு இது அவ்வளவு பாந்தம். ஒன்றாம் தந்தியிலேயே திறந்து ஒன்று, பிறகு 2, 5, 7, 10, 12-ஆம் ஃப்ரெட்டுகள். ஆள்காட்டி விரலை மட்டும் வழுக்கிக்கொண்டு போனாலே ராகம் வந்து நிற்கிறது, கீழே மற்றத் தந்திகள் தம்புராவாக இருக்கின்றன. சுத்த சாவேரியும் வரும். கல்யாணி மாதிரி பிரதி மத்தியம ராகங்களுக்கு ஒத்துவராது, திறந்த தந்தியில் சுத்த மத்தியமம் இடிக்கும்.

கனடாப் பாடகி ஜோனி மிட்சலுக்கு ஒன்பது வயதில் போலியோ வந்ததாம். இடது கையில் முழு பலம் இல்லை, மற்றவர்கள் பிடிக்கிற கார்டெல்லாம் பிடிக்க வரவில்லை. அதற்காகக் கித்தாரை வைத்துவிட்டுப் போகவில்லை அந்தப் பெண். தன் கைக்கு ஏற்ற மாதிரி தந்தியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள், டஜன் கணக்கில் அப்படி வைத்திருந்தாளாம், அவள் பாட்டு மற்றவர்கள் பாட்டு மாதிரி ஒலிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். படித்தேன், உனக்குச் சொல்லத் தோன்றியது.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பனியில் வழுக்கிவிட்டேன், சின்ன அடிதான் என்று நீ சொன்னாய், சரி. ஆனால் அதற்குப் பிறகு நீ ஒரு பாட்டுகூட அனுப்பவில்லை. முன்பெல்லாம் தூங்க விடாமல் அனுப்புவாய், இதைக் கேள் அதைக் கேள் என்று. வீடியோவில் பேசும்போது வலது கையிலேயே போனைப் பிடித்துக்கொள்கிறாய், இடது கை கண்ணிலேயே படுவதில்லை. தம்பியைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். உங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவிடம் எதை மறைக்கலாம் என்று சிறுவயதிலிருந்தே ஒரு ஒப்பந்தம், அது எனக்குத் தெரியாதா?

உன் வலது கை சாதாரணக் கை இல்லை, மலர். தாளத்தை அப்படித் தாங்குகிற கையை நான் அதிகம் பார்த்ததில்லை, வீணையில் உனக்கு உட்காரப் பிடிக்கவில்லை என்றபோதும் அதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. இந்த ஸ்ருதியில் பாதி வேலை அந்தக் கைதான் செய்யப்போகிறது.

அவசரப்படாதே. மெதுவாக இறக்கு. தந்தியை இறக்குவதால் அறுந்துபோகாது, ஏற்றும்போதுதான் பயம். ஆறாவது தந்தி தளர்ந்து ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும், கடையில் 13 கேஜ் செட் கேட்டு வாங்கு, கொஞ்சம் கெட்டி. வலித்தால் நிறுத்திவிடு. பிசியோதெரபி என்று ஏதாவது சொல்லியிருந்தால் ஒழுங்காகப் போ, வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே. மெதுவாகத்தான், வலிக்கிற அளவுக்குப் போகவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டுப் பேசு. நானும் என் பக்கம் கித்தாரோடு இருப்பேன். ஒன்றாம் தந்தியில் அந்த ஆறு இடத்தையும் எனக்கு வாசித்துக் காட்டு, எந்த விரலால் முடிகிறதோ அந்த விரலால். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று என்னிடம் சொல்.

அம்மா