அந்தத் தலைப்பூவை யார் செய்தது என்று எழுதுங்கள்: தக்கராஸுக்கா இதழ்களின் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

ஜப்பானின் தக்கராஸுக்கா பெண்கள் நாடகக் கம்பெனியின் இதழ்களான 'ககெக்கி', 'தக்கராஸுக்கா கிராஃப்' ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். தமிழில் எழுதினால் எங்கள் மேசைக்கு எப்படி வந்து சேரும் என்று கேட்பீர்கள். திறந்த மடல் என்றாலே பாதி பெறுநருக்கு, பாதி ஊருக்கு. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டுதான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் கம்பெனி நடத்திய கொபயாஷி இச்சிஸோ, கடைசி ஸ்டேஷனான தக்கராஸுக்காவின் வெந்நீர் ஊற்றுக்கு ஆள் வரவழைப்பதற்காக 1913இல் சிறுமிகளைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு தொடங்கினார். 1914 ஏப்ரலில் முதல் நிகழ்ச்சி. அரங்கு கூடப் புதிதாகக் கட்டவில்லை, ஆள் வராத உள்ளரங்க நீச்சல் குளத்தையே மாற்றிக்கொண்டார்கள். இன்று அது நாடகக் கம்பெனி, அதில் பூ, நிலா, பனி, நட்சத்திரம், அண்டவெளி என்று ஐந்து குழுக்கள். மேடையில் எல்லோரும் பெண்கள், கல்யாணமாகாதவர்கள். ஆண் வேடம் கட்டுபவர் ஒத்தோக்கோயாக்கு, பெண் வேடம் கட்டுபவர் முசுமேயாக்கு. நம் நாடகக் கம்பெனிப் பேச்சில் சொன்னால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட்.

இந்தக் கலைஞர்களை ரசிகர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது நீங்கள்தான். 'ககெக்கி' 1918இலிருந்து வருகிறது, 'கிராஃப்' 1936இலிருந்து. கலைஞரின் உண்மைப் பெயரும் பிறந்த வருடமும் வெளியே வரக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வருடாவருடம் வரும் 'ஒத்தோமே' கையேட்டில் பிறந்த நாள் இருக்கும், வருடம் இருக்காது. பிடித்த சாப்பாடு இருக்கும், வீட்டுப் பெயர் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் பக்கங்கள்: இயக்குநரும் முன்னணிக் கலைஞர்களும் உட்கார்ந்து பேசும் உரையாடல், கலைஞர்களே படம் வரைந்து எழுதும் தொடர், குழுவுக்குள் நடந்த வேடிக்கைகளைச் சொல்லும் குறிப்புகள். நெருங்கவும் விடாமல், விலகவும் விடாமல் ரசிகையை வைத்திருக்கும் சாமர்த்தியம் இது. பத்திரிகைத் தொழிலாகப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முசுமேயாக்குகளின் தலை அலங்காரம் பற்றித்தான் இந்த மடல்.

பெரிய உடைகளைக் கம்பெனி தைத்துக் கொடுக்கிறது. தலையில் சூடும் பூ, மணி, கல் வைத்த கொண்டை அணி போன்றவற்றைப் பெரும்பாலும் அந்தப் பெண்களே தங்கள் கைக்காசில் பொருள் வாங்கி, தங்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் புதிதாக. ரசிகைகள் அதைத்தான் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள்: யாருடைய ரசனை எப்படி, போன தடவை என்ன வைத்திருந்தாள், இந்த முறை நிறம் ஏன் மாறியது என்றெல்லாம். நானும் அப்படிப் பார்ப்பவன்தான். புகைப்படத்தில் அது அழகு, திறமை, ஆர்வம். ஆனால் அந்த வேலைக்கு எப்போது நேரம்? ஒத்திகை, மேடை எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான். தூங்க வேண்டிய நேரத்தில் கம்பி வளைத்து மணி கோக்கிறார்கள். அதைச் சம்பளக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

2023 செப்டம்பரில் அண்டவெளிக் குழுவின் இளம் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். முதலில் வந்த விசாரணை அறிக்கை வேலைப் பளு அதிகம் என்றது, துன்புறுத்தலை உறுதிசெய்ய முடியவில்லை என்றது. 2024 மார்ச்சில் கம்பெனியின் உரிமையாளரான ரயில் குழுமம் ஹன்க்யூ ஹன்ஷின் தரப்பு நிலையை மாற்றிக்கொண்டு, துன்புறுத்தல் என்று 14 செயல்களை ஒப்புக்கொண்டு குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. அந்த விவகாரத்தில் பேசப்பட்டவற்றில் தலை அணிகளைத் திரும்பச் செய்யவைத்ததும் ஒன்று. நாம் பக்கம் திருப்பித் திருப்பி ரசித்த பொருள்! வாரத்துக்குப் பத்துக் காட்சி என்றிருந்ததை ஒன்பதாகக் குறைத்தார்கள். வருடத்து நாடகங்களையும் ஒன்பதிலிருந்து எட்டாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் காட்சி எண்ணிக்கையில் வராத வேலை இந்தப் பூ வேலை.

என் கோரிக்கை இதுதான். தலை அணியின் படம் போடும்போது, அதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆனது, செலவு யாருடையது, எந்த நேரத்தில் உட்கார்ந்து செய்தார் என்று பக்கத்தில் போடுங்கள். ஓய்வுபெற்ற முசுமேயாக்குகளைக் கூப்பிட்டு இதைப் பற்றி மட்டும் ஓர் உரையாடல் நடத்துங்கள். மேடையை விட்டவர்களால் கொஞ்சம் தாராளமாகப் பேச முடியும். அப்புறம் 'ககெக்கி'யின் 'கோசெய் தெய்செய்' வாசகர் பகுதியில் இது குறித்து வரும் கடிதங்களுக்கு இடம் கொடுங்கள், கசப்பான கடிதமாக இருந்தாலும்.

உங்கள் இதழ்களை வெளியிடுவது ஹன்க்யூ குழும நிறுவனம், கம்பெனிப் பத்திரிகை கம்பெனியைக் கேள்வி கேட்குமா என்பார்கள். 'ககெக்கி' பிறந்த நாளிலிருந்தே கம்பெனிப் பத்திரிகைதான். கொபயாஷியே அதில் எழுதினார். அதே இதழில் வாசகர்கள் யார் நன்றாகப் பாடினார்கள், யார் சொதப்பினார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முதலாளி படிக்கிறார் என்று தெரிந்தே எழுதினார்கள்.

இன்னொரு மறுப்பும் எனக்குத் தெரியும்: நாம் விற்பது கனவு, அதில் கடிகாரத்தைக் காட்டினால் மயக்கம் போய்விடும். போகாது என்று நினைக்கிறேன். கலைஞர்கள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்க வாசலில் வரிசையாக நின்று பழகியவர்கள் உங்கள் வாசகிகள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குக் களைத்து வெளியே வந்தார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். மேடையின் பெரிய படிக்கட்டில் இருபத்தாறு படி இறங்கி வருபவரின் சிரிப்புக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது என்று தெரிந்தேதான் டிக்கெட் வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை உங்கள் இதழில் அச்சிடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த புதிய நாடகத்தின் சிறப்பிதழிலேயே தொடங்கலாம். ஒரே ஒரு தலைப்பூவிலிருந்து.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் வாசகன்