ஒச்சு எனும் ராட்சத நத்தையிடமிருந்து கன்றுகளைக் காத்தல்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளன்று நம் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துவந்த பப்பாளி, முருங்கை, கத்தரிக் கன்றுகளில் பல, வேர் பிடிப்பதற்குள்ளாகவே ஒரே இரவில் இலையும் குருத்தும் இழந்து மொட்டையாக நிற்பதாக அறிகிறேன். ஆடு மேய்ந்துவிட்டது என்று சிலர் வேலியை உயர்த்தியிருக்கிறீர்கள். ஆனால் தண்டிலும் தரையிலும் பளபளப்பான கோழைத் தடம் காய்ந்து கிடந்தால், அது ஆப்பிரிக்க ஒச்சின் வேலை.

கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த ராட்சத நத்தை 1970களிலேயே நம் பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளியில் தென்பட்டது. கோடை முழுவதும் மண்ணுக்குள் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்து, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வெளிவந்து, ஈரமண்ணில் ஒரே முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட வல்லது. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டியிருப்பதால் சுவர்ப் பூச்சையும் சுரண்டித் தின்னும்.

கன்றைச் சுற்றி உப்பைத் தூவும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஒச்சு சாகும் என்பது உண்மையே. ஆயினும் மழையில் கரைந்த உப்பு வேருக்கு இறங்கி, நாம் காக்க நினைத்த கன்றையே வாட்டிவிடும். மாலையில் நனைந்த சாக்கைத் தோட்டத்தில் விரித்து, அதனடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் கழிவையோ வைத்தால், இரவில் ஒச்சுகள் அங்கே கூடும். விடிந்ததும் பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புநீரில் போட்டு, செத்தபின் குழியில் புதைத்துவிடலாம். மழைக்காலம் முடியும்வரை இதைத் தொடர வேண்டும். மதில் ஒச்சுக்குத் தடையல்ல என்பதால், தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன் கிடைக்கும்.

இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டாம் என்பதை வலியுறுத்தவே முக்கியமாக இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒச்சின் உடலில் இருக்கக்கூடிய ஒருவகைப் புழு மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடியது. ஆகவே பெரியவர்களும் கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. தோட்டத்துக் கீரையையும் காய்களையும் நன்கு கழுவிச் சமைத்தே உண்ணுங்கள். காலி ஓடுகளைப் பிள்ளைகள் விளையாட்டாகப் புத்தகப் பைக்குள் வைத்திருப்பதையும் பார்க்கிறேன். அதையும் நீங்கள் கண்டிக்க வேண்டும்.

வாழைக்கன்றோடும் நாற்றுப்பை மண்ணோடும் இதன் முட்டைகள் ஊர்விட்டு ஊர் வருகின்றன. வெளியூரிலிருந்து எதை வாங்கினாலும் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு நடுங்கள். தொல்லை மிகுதியாக இருந்தால், பூச்சிமருந்துக்கடையில் கிடைத்ததைத் தெளிக்காமல், பஞ்சாயத்துக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) ஆலோசனை கேளுங்கள்.

இலையிழந்த முருங்கையின் தண்டு பச்சையாக இருந்தால் பிடுங்கவேண்டாம், அது துளிர்க்கும். கன்று முற்றிலும் பட்டுப்போனவர்கள் வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால் வேறு கன்று தரப்படும்; தோட்டத்து ஒச்சுகளை அகற்றிய பிறகே அதைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்