வோல்கா வரை கோடு போட்டவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இரண்டாம் உலகப் போரின் ஸ்டாலின்கிராட் சண்டை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜெர்மனியின் ஆறாம் படைத் தளபதி பவுலஸை, ஹிட்லரின் பிடிவாதத்துக்குப் பலியான ஒரு நல்ல மனிதராக மட்டும் காட்டி முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரை முழுக்க 'வான் பவுலஸ்' என்றே அச்சாகியிருக்கிறது. 'வான்' என்பது அங்கே பிரபு வம்சத்துக்காரர்கள் பெயரோடு வரும் அடைமொழி. பவுலஸுக்கு அது கிடையாது. அவருடைய அப்பா ஹெஸ்ஸே பகுதியில் கணக்கு எழுதிப் பிழைத்தவர். மகனைக் கடற்படையில் எடுக்கவில்லை. சட்டம் படிக்கப் போய், அதையும் பாதியில் விட்டுவிட்டு 1910இல் தரைப்படையில் சேர்ந்தார். ருமேனியப் பிரபு வீட்டுப் பெண் எலெனாவைக் கட்டிக்கொண்டார். எப்போதும் மடிப்புக் கலையாத உடுப்பு, கையுறை. கூட இருந்த அதிகாரிகள் 'லார்டு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டப்பெயர்தான் பிற்பாடு 'வான்' ஆக ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை 1942 ஆகஸ்டில் தொடங்குகிறது. பவுலஸின் கதையை அங்கே தொடங்கினால் அவர் பலியாள் மாதிரித்தான் தெரிவார். இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். 1940 செப்டம்பர் 3 அன்று அவர் தரைப்படைத் தலைமையகத்தில் ஒரு பெரிய பொறுப்பை ஏற்றார். தலைமை அதிகாரி ஹால்டர் அவரிடம் அரைகுறையாக இருந்த ஒரு திட்டத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். சோவியத் யூனியன் மீது 130 முதல் 140 டிவிஷன்களோடு (டிவிஷன் என்பது பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) பாய்வதற்கான திட்டம் அது. அந்தக் குளிர்காலத்தில் வரைபடங்களை விரித்து வைத்து ஒத்திகை நடத்தியவரும் இவர்தான். போய்ச் சேர வேண்டிய எல்லையாகக் குறித்தது வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்கிலிருந்து வோல்கா ஆறு வரை ஒரு கோடு. வேலையை வீட்டுக்கும் எடுத்து வந்திருக்கிறார். எலெனா அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு இது அநியாயமான போர் என்று வாதாடினார். அரசியல் முடிவில் நமக்கு என்ன வேலை என்கிற தோரணையில்தான் கணவரின் பதில் இருந்தது.

அப்புறம் 1942 ஜனவரியில் ஆறாம் படை அவர் கைக்கு வந்தது. அதுவரை ஒரு டிவிஷனைக்கூட அவர் களத்தில் நடத்தியதில்லை. மேஜையில் போட்ட கோட்டின் ஒரு முனைக்கு, ஸ்டாலின்கிராட் இருக்கும் அந்த வோல்கா கரைக்கே, அவர் போய்ச் சேர்ந்தார். நவம்பர் 19 அன்று சோவியத்தின் செம்படை பாய்ந்தது. 23ஆம் தேதி ஆறாம் படையைச் சுற்றி வளையம் மூடியது. உள்ளே இரண்டரை லட்சம் பேருக்கு மேல்.

நான் லாரி ஷெட்டில் பல வருஷம் லோடு கணக்குப் பார்த்தவன். அதனால் இந்த இடத்தில் என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. படை உயிர் பிழைத்திருக்கவே ஒரு நாளைக்குக் குறைந்தது 300 டன் சரக்கு வேண்டும். ஜங்கர்ஸ் 52 விமானம் ஒன்றில் ஏறுவது ஏறக்குறைய 2 டன். அப்படியென்றால் நாள்தோறும் 150 விமானங்கள், பனியிலும் மூடுபனியிலும், எதிரியின் பீரங்கிகளுக்கு மேலே பறந்து வந்து இறங்க வேண்டும். முடியும் என்று விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். வந்து சேர்ந்தது சராசரியாக 120 டன்கூட இல்லை. இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவரா பவுலஸ்? வாழ்நாளெல்லாம் அவர் செய்த வேலையே அதுதானே! வளையத்தை உடைத்து வெளியேற அனுமதி கேட்டார், ஹிட்லர் மறுத்தார். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம், உடைப்போம் என்று அவருக்குக் கீழே இருந்த தளபதி செய்ட்லிட்ஸ் நவம்பர் 25 அன்று எழுத்திலேயே கொடுத்தார். பவுலஸ் அசையவில்லை. டிசம்பரில் மீட்புப் படை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வரை வந்தபோதும் அசையவில்லை. எரிபொருள் போதாது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1943 ஜனவரி 8 அன்று ரஷ்யர்கள் உணவும் மருத்துவமும் தருகிறோம், சரணடையுங்கள் என்று சொன்னபோது மறுத்ததற்கு எரிபொருளைக் காரணம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஓடியது. ஜனவரி 28 அன்று, சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும்தான் ரொட்டி, காயம்பட்டவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இனி கிடையாது என்று முடிவானது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற பையனின் பங்கை நிறுத்துகிற நிலைமை வந்த பிறகும் ஒரு தளபதி எதற்காகக் காத்திருக்கிறார்?

கட்டுரையில் பிப்ரவரி 2 அன்று பவுலஸ் சரணடைந்தார் என்று இருக்கிறது. அது வடக்கே மாட்டிக்கொண்டிருந்த ஜெர்மன் தளபதி ஸ்ட்ரெக்கரின் பிரிவு சரணடைந்த நாள். பவுலஸ் பிடிபட்டது ஜனவரி 31 காலையில், ஒரு பெரிய கடையின் நிலவறையில். இல்சென்கோ என்கிற இளம் சோவியத் லெப்டினன்ட் உள்ளே போனபோது, தாடி மழிக்காத முகத்தோடு கட்டிலில் படுத்திருந்தார் 'லார்டு'. பீல்டு மார்ஷல் பதவி முந்தின நாள்தான் வந்திருந்தது. அந்தப் பதவியில் இருக்கும் ஜெர்மானியர் உயிரோடு பிடிபடுவதில்லை, தற்கொலை செய்துகொள்வார் என்று எதிர்பார்த்துத்தான் ஹிட்லர் அதைக் கொடுத்தார். பவுலஸ் செய்துகொள்ளவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

1946 பிப்ரவரி 11 அன்று, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் சோவியத் தரப்புச் சாட்சியாக வந்து நின்றார். 1940 செப்டம்பரில் தொடங்கிய திட்ட வேலையைத் தன் வாயாலேயே விவரித்தார். குற்றவாளிகள் யார் என்று கேட்டபோது ராணுவத் தலைமையில் இருந்த கெய்டல், யோடல், அப்புறம் கோரிங் பெயர்களைச் சொன்னார். தன் பெயரைச் சேர்க்கவில்லை. எலெனா 1949இல் கணவரைத் திரும்பப் பார்க்காமலேயே இறந்துபோனார். பவுலஸ் 1953இல் விடுதலையாகி டிரெஸ்டனில் வாழ்ந்து 1957இல் மறைந்தார். ஸ்டாலின்கிராடில் சிறைபிடிக்கப்பட்ட 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர்கூடத் தேற மாட்டார்கள். அவர்களில் கடைசியாக வந்தவர்கள் வீட்டு வாசலை மிதித்தது, பவுலஸ் வந்து இரண்டு வருஷம் கழித்து, 1955இல்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த நியூரம்பெர்க் சாட்சியத்திலிருந்து இரண்டு பக்கமாவது தமிழில் தாருங்கள். அப்படியே அந்த 'வான்' என்பதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கரூர்